மிச்சம் வைத்து நடப்போம்

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். நீங்கள் கடைசியாக ஐந்து மைல் தூரத்தைக் கால்நடையாகக் கடந்தது எப்போது?

யோசிக்கிறீர்கள் அல்லவா? நானும் அப்படித்தான் யோசித்தேன். என் வாப்பாவின் காலத்தில் எங்கள் மாவடிப்பள்ளியில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். வயலுக்குப் போவதும் நடை, சம்மாந்துறைக்குப் போவதும் நடை, காரைதீவுக் கடற்கரைக்கு மீன் வாங்கப் போவதும் நடை. இன்று பள்ளிவாசலுக்குப் போக மோட்டார் சைக்கிள். அடுத்த தெருக் கடையில் ஒரு இறாத்தல் பாண் வாங்கவும் மோட்டார் சைக்கிள். நாற்பது வயது தாண்டியதும் கையில் வைத்தியசாலை கிளினிக் கொப்பி!

எங்கள் நால்வரின் கதையும் அந்தக் கொப்பியில்தான் தொடங்கிற்று. ஒருவர் ஆசிரியர். ஒருவர் வயல் செய்பவர். ஒருவர் கல்முனையில் புடவைக்கடை வைத்திருப்பவர். நாலாவது ஆள் நான். சிறு வயதில் ஒரே பாயில் இருந்து ஓதியவர்கள். புடவைக்கடைக்காரருக்கு நீரிழிவு. தினமும் நடக்க வேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் நடந்தார். பிறகு எங்களிடம் வந்து முறையிட்டார்.

"ஒழுங்கைக்குள்ள சும்மா சுத்திச் சுத்தி நடக்க ஏலா மச்சான். எங்கயாச்சும் போற மாதிரி நடந்தாத்தான் கால் எழும்பும்."

அந்த ஒரு பேச்சுத்தான் எங்களை மலைக்குக் கொண்டுபோனது.

பெக்கோ பாதை

கண்டிக்கு மேலே ஹந்தானை மலையில், 1925ஆம் ஆண்டு கட்டப்பட்ட ஒரு தேயிலைத் தொழிற்சாலை இப்போது தேயிலை நூதனசாலையாக இருக்கிறது. அந்த இடத்துக்கு அருகில் தொடங்கி, மலையகத்தைச் சுற்றி வளைத்து, நுவரெலியாவுக்கு அருகே பீட்று தோட்டத்தில் முடிகிறது ஒரு நடைபாதை. நீளம் 300 கிலோமீற்றருக்கும் அதிகம். அதை 22 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பெயர் பெக்கோ பாதை.

'பெக்கோ' என்ற சொல்லைத் தேயிலைப் பெட்டிகளில் பார்த்திருப்பீர்கள். தென்சீனப் பேச்சுமொழியிலிருந்து வந்த சொல் அது. தேயிலையின் இளம் மொட்டில் இருக்கும் வெள்ளை மயிர் போன்ற மென்மையான படலத்தைக் குறிப்பது. பின்னர் தேயிலைத் தரத்தின் பெயராயிற்று.

இந்தப் பாதை புதிதாக வெட்டப்பட்டதல்ல. வெள்ளைக்காரத் துரைமார் குதிரையில் போன வழி, மாட்டு வண்டியில் தேயிலைப் பெட்டி இறங்கிய வழி, தொழிலாளர்கள் கூடை சுமந்து நடந்த வழி. இப்படிச் சிதறிக் கிடந்த பழைய தோட்டப் பாதைகளை ஒன்றாகக் கோத்தார்கள். நம் நாட்டில் பல வருடங்கள் சுற்றுலாத் தொழில் செய்த ஸ்பெயின் நாட்டவரான மிகுவல் குனாட் என்பவரின் எண்ணம் அது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யூஎஸ்எயிட் அமைப்பும் அதற்கு நிதி உதவின.

முதல் கட்டம் ஹந்தானையிலிருந்து கலஹா வரை. அடுத்தது லூல்கந்துர. ஸ்கொட்லாந்திலிருந்து 1852இல் வந்த ஜேம்ஸ் டெய்லர், 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட தோட்டம் அதுதான். நம் நாட்டில் வியாபாரத்துக்காகத் தேயிலை பயிரிட்ட முதல் நிலம். இரண்டு வருடம் கழித்து, 1869இல், கோப்பிச் செடியில் இலைநோய் விழுந்தது. கோப்பி அழிந்தது, தேயிலை எழுந்தது. லூல்கந்துரவுக்குப் பிறகு தவலந்தென்ன, பூண்டுலோயா என்று பாதை நீண்டு, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கமாக ஏறி, ஹப்புத்தளை, எல்ல என்று ஊவாவுக்குள் இறங்குகிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 300ஐ 22ஆல் பிரித்தால் ஒரு கட்டம் சராசரியாக 14 கிலோமீற்றர். ஒரு நாள் நடை. முழுவதையும் ஒரே மூச்சில் நடப்பதென்றால் மூன்று வாரத்துக்கு மேல் வேண்டும். கடையைப் பூட்ட முடியுமா? வயலை விட்டுவர முடியுமா? பிள்ளைகளின் பரீட்சையை ஒத்திவைக்க முடியுமா? முடியாது. ஆனால் வருடத்துக்கு இரண்டு கட்டம் நடக்கலாம் அல்லவா? அப்படியானால் பதினொரு வருடம். "பதினொரு வருஷமா?" என்று நாங்களும் முதலில் சிரித்தோம். பிறகு ஆசிரியர் சொன்னார்: "நடந்தாலும் நடக்காட்டியும் பதினொரு வருஷம் போகத்தான் போகுது."

துண்டு துண்டாய் நடந்த பாட்டி

இப்படித் துண்டு துண்டாய் நடப்பது எங்களுடைய கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் அப்பலாச்சியன் பாதை என்று ஒன்று உண்டு. பெண்டன் மக்காய் என்பவர் 1921இல் முன்மொழிந்து, 1937இல் இணைத்து முடிக்கப்பட்டது. தெற்கே ஜோர்ஜியாவிலிருந்து வடக்கே மெய்ன் வரை ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர். அதை ஒரே தடவையில் முடிக்க ஐந்து, ஆறு மாதம் ஆகும். ஆகவே அங்கே பெருந்தொகையானோர் விடுமுறைக்கு ஒரு பகுதி என்று வருடக்கணக்கில் நடக்கிறார்கள். இருபது, முப்பது வருடமாக நடப்பவர்களும் உண்டு.

அந்தப் பாதையில் பெயர் பெற்ற ஒரு பெண்மணியைப் பற்றி நம் சகோதரிகள் அறிந்துகொள்வது நல்லது. எம்மா கேட்வுட் என்பது பெயர். பதினொரு பிள்ளைகளைப் பெற்ற தாய். 1955இல், தம் 67ஆவது வயதில், தனியாளாய் அந்தப் பாதையை ஒரே பருவத்தில் நடந்து முடித்தார். அப்படிச் செய்த முதல் பெண் அவர்தான். காலில் சாதாரணத் துணிச் சப்பாத்து. தோளில் தாமே தைத்த ஒரு பை. கூடாரம் கிடையாது. மழைக்குக் குளியலறைத் திரைச்சீலைதான்!

எல்லோரும் சொல்லும் கதை இது. இதற்கு முந்திய வருடத்துக் கதையைப் பலர் சொல்வதில்லை. 1954இல் அவர் ஒருமுறை புறப்பட்டார். வழி தவறியது, மூக்குக் கண்ணாடி உடைந்தது, வீட்டுக்குத் திரும்பினார். அடுத்த வருடம் மறுபடி வந்தார். அவர் அந்தப் பாதையை மூன்று தடவை முடித்தவர். மூன்றாவது தடவை, 1964இல், எழுபதைக் கடந்த வயதில் துண்டு துண்டாகத்தான் நடந்து முடித்தார். அவர் வீட்டுக்குத் திரும்பிய வருடத்தை மறந்துவிடாதீர்கள். பிறகு அதற்கு வருவோம்.

இப்னு பதூதா பிழிந்த தேசிக்காய்

கட்டம் கட்டமாக மலைநாட்டுக்கு நடந்த பயணிகளில் நமக்கு நன்கு தெரிந்த பெயர் ஒன்று உண்டு. மொரோக்கோவின் தாஞ்சியர் நகரில் பிறந்த இப்னு பதூதா, 1344இல் மாலைதீவிலிருந்து போகும்போது காற்று அவருடைய கப்பலைப் புத்தளம் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தது. ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, வேண்டியதைக் கேட்கச் சொன்னார். ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பாதச்சுவடு உள்ள மலையைப் பார்க்க வேண்டும் என்றார் இப்னு பதூதா.

அரசர் அவரோடு யாரை அனுப்பினார் தெரியுமா? வருடந்தோறும் அந்த மலைக்குப் போய்ப் பழகிய நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், தம் ஆட்களில் பத்துப் பேர், சாமான் சுமக்கப் பதினைந்து பேர். மொத்தம் முப்பத்திரண்டு பேர். மொரோக்கோ நாட்டு முஸ்லிம் ஒருவருக்குப் புத்தளத்திலிருந்து பாவா ஆதம் மலை வரை வழித்துணையானவர்கள் இவர்கள். வழியில் கண்ட இடங்கள் பலவற்றை அவர் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார். மலைக்கு ஏற இரண்டு பாதைகள், ஒன்று பாவா பாதை, மற்றது மாமா பாதை, மாமா பாதை இலேசானது என்றும் எழுதியிருக்கிறார்.

காட்டு வழியில் அட்டை உண்டு என்றும், அது கடித்தால் தேசிக்காய்ச் சாறு பிழிந்தால் விழுந்துவிடும் என்றும், ஊரார் அதற்காகத் தேசிக்காயைத் தயாராக வைத்திருப்பார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். ஏறத்தாழ எழுநூறு வருடம் கழித்து, ஹந்தானைக்கு மேலே, எங்கள் ஆசிரியர் சட்டைப் பையிலிருந்து அதே தேசிக்காயை எடுத்தார்! அட்டைக்கு எழுநூறு வருடத்தில் புத்தி மாறவில்லை. தேசிக்காயும் கைவிடவில்லை.

காற்றைப் படியுங்கள்

எங்கள் முதல் நடை 2023 ஆகஸ்ட் மாதம், பாடசாலை விடுமுறையில். கல்முனையிலிருந்து இரவு பஸ் ஏறி, அம்பாறை, மகாஓயா, பதியத்தலாவ, மகியங்கனை வழியாகப் பதினெட்டு வளைவுகளில் ஏறிக் கண்டி சேர்ந்தோம். ஊரில் அப்போது கச்சான் காற்று. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மழைச்சட்டை எதற்கு என்று ஒருவரும் கொண்டுபோகவில்லை. ஹந்தானையில் கால் வைத்து ஒரு மணித்தியாலத்தில் நால்வரும் நனைந்த கோழிகள்!

தவறு யாருடையது? எங்களுடையதுதான். வாசகர்களே, இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை நம் கரையில் வறண்டு வீசும் கச்சான் என்பது தென்மேல் பருவக்காற்றேதான். கடலிலிருந்து ஈரம் சுமந்துவரும் அந்தக் காற்று, மலையகத்தின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டிவிடுகிறது. ஈரத்தை அங்கே இறக்கிவிட்டு, இப்பக்கம் சூடாக இறங்குகிறது. நாம் வியர்த்துக்கொண்டு திட்டும் கச்சான், மேற்கு மலையில் மழையைக் கொட்டிவிட்டு வந்த காற்று! மார்கழி, தை மாதங்களில் இது தலைகீழ். வாடைக் காற்றின் மழை நமக்கும் ஊவாவின் கிழக்குச் சரிவுக்கும் கிடைக்கிறது.

ஆகவே கணக்கு இதுதான். கண்டி, பூண்டுலோயா, நோர்வூட் போன்ற மேற்குப் பக்கக் கட்டங்களை ஜனவரி நடுப்பகுதிக்கும் மார்ச்சுக்கும் இடையில் நடவுங்கள். ஹப்புத்தளை, எல்ல போன்ற ஊவாப் பக்கக் கட்டங்களை ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை நடவுங்கள். துண்டு துண்டாய் நடப்பவனுக்கு இது ஒரு வசதி. எந்தப் பக்கம் வானம் வெளுத்திருக்கிறதோ அந்தப் பக்கத் துண்டை எடுத்துக்கொள்ளலாம். இரு பருவத்துக்கும் இடையிலுள்ள ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் மட்டும் மிகவும் கவனம். காலையில் வானம் கண்ணாடிபோல் இருக்கும். பின்னேரம் இடியோடு கொட்டும்.

அந்த ஏப்ரல் பின்னேரத்தைப் பற்றித்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

ஓடைக்கு இக்கரையில்

மூவர் பயணம் போனால் ஒருவரை அமீராக்கிக்கொள்ளச் சொல்கிறது நம் மார்க்கம். நாங்கள் அதை விளையாட்டாக எடுக்கவில்லை. ஒவ்வொரு நடைக்கும் ஒருவர் அமீர். எங்கே நிற்பது, எங்கே தொழுவது, எப்போது திரும்புவது என்று அவர் சொன்னால் சொன்னதுதான். முதல் மூன்று கட்டமும் நல்லபடியாக முடிந்தன. 2025 ஏப்ரலில், நோன்புப் பெருநாள் கழிந்த சில நாட்களில், நாலாவது கட்டமான தவலந்தென்னயிலிருந்து பூண்டுலோயாவுக்குப் புறப்பட்டோம். அன்று அமீர் வயல் செய்யும் நண்பர்.

பாதி வழிக்கு மேல் நடந்துவிட்டோம். லுஹர் தொழுதபோது மேற்கே வானம் கறுத்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு ஓடை. அதன் குறுக்கே கொங்கிரீட் போட்ட தாழ்ந்த வழி. அதன்மேல் நீர் ஓடிக்கொண்டிருந்தது. முழங்காலுக்கும் வராது.

புடவைக்கடைக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிவிட்டார். "இது என்ன தண்ணி! அங்கால ஏறினா கொஞ்ச நேரத்தில ஊர் வந்திரும்."

அமீர் அசையவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். "நிறம் மாறிட்டு. காலையில இருந்து கண்ட ஓடையெல்லாம் தெளிஞ்ச தண்ணி. இது சாயம் மாதிரி வருது. மேல எங்கயோ ஊத்துது. திரும்புவோம்."

"இவ்வளவு தூரம் வந்திட்டா?"

அவர் மெல்லச் சொன்னார். "மச்சான், நம்மட ஊர்ப் பாதையிலயும் அண்டைக்கி இப்படித்தான் தண்ணி ஓடிச்சு."

அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை. வாசகர்கள் பலருக்கும் அந்த நாள் நினைவிருக்கும். 2024 நவம்பர் 26ஆம் திகதி. காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையிலுள்ள வீதியை வெள்ளம் மூடியிருந்தது. விடுமுறைக்கு வீடு போய்க்கொண்டிருந்த மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை நீர் இழுத்துக்கொண்டு போனது. சிலர் காப்பாற்றப்பட்டார்கள். பிள்ளைகளும் அவர்களோடு வந்தவர்களுமாகப் பல உயிர்கள் போய்விட்டன. படையினரும் ஊராரும் நாட்கணக்கில் தேடினார்கள். எங்கள் அமீரும் இடுப்பளவு நீரில் நின்று தேடியவர்களில் ஒருவர்.

அந்த வீதி எங்களுக்குத் தெரியாத வீதியா? தினமும் போய்வரும் வீதி. தெரிந்த பாதை என்ற நம்பிக்கைதான் வெள்ளத்தில் ஆளை இறக்குகிறது. வேகமாக ஓடும் நீர் அரை அடி உயரமே இருந்தாலும் வளர்ந்த ஆளைக் கால் வாரி விழுத்தக்கூடும். இரண்டு அடி நீர் பெரும்பாலான வாகனங்களை மிதக்க வைத்து அடித்துச் செல்லும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. கரையில் நின்று பார்க்கும் கண்ணுக்கு இது தெரியாது. கீழே பாதை இருக்கிறதா, உடைந்துவிட்டதா என்பதும் தெரியாது.

திரும்பினோம். சிறிது நேரத்தில் மழை அடித்தது. பின்னால் ஓடையின் சத்தம் மாறுவது கேட்டது. கல் உருளும் சத்தம்.

லயத்து விறாந்தை

நனைந்தபடி வந்துகொண்டிருந்த எங்களை ஒரு லயத்து வீட்டு வாசலிலிருந்து ஒரு வயதான அம்மா கண்டார். "உள்ள வாங்கய்யா, நனையாதீங்க" என்று கூப்பிட்டார். சீனி போட்ட சூடான சாயம் தந்தார். அஸருக்கு நேரமானது. ஒரு மூலையில் தொழுதுகொள்ளலாமா என்று தயங்கிக் கேட்டோம். அவர் விறாந்தையைக் கூட்டி, துவைத்து மடித்து வைத்திருந்த சேலையொன்றை எடுத்து விரித்துவிட்டு, "நீங்க மேற்கப் பாத்துத்தானே கும்பிடுவீங்க? இந்தப் பக்கம்" என்று கைகாட்டினார். அந்தச் சேலையில் நின்று தொழுதோம்.

தொழுதபின் அவரோடு பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய பேரப்பிள்ளை 2023இல் நடந்த ஒரு பெரிய நடைபவனியைப் பற்றிச் சொன்னான். மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 வருடம் நிறைந்ததை நினைவுகூர்ந்து, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த நடை அது. அந்தக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து தோணியில் வந்திறங்கியவர்கள் காட்டு வழியே கால்நடையாகத்தான் மலைக்குப் போனார்கள். பசியாலும் காய்ச்சலாலும் வழியில் இறந்தவர்கள் அநேகர். நாங்கள் உடம்பு இளைக்க நடக்கும் இந்தப் பாதை, அவர்கள் வயிற்றுக்காக நடந்து நடந்து தேய்த்த பாதை. மலையில் நடக்கிறவர் இதை மறக்கக்கூடாது.

கடைக்காரர் கோபம் தீராமல் மகியங்கனை வரை எங்களோடு பேசவில்லை. அங்கே தேத்தண்ணீருக்கு இறங்கியபோது நால்வருக்கும் அவரே காசு கொடுத்தார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்கு அது போதும்.

அந்த நாலாவது கட்டத்தை 2026 ஜனவரியில் முடிப்பதென்று நாள் குறித்திருந்தோம். அதற்கு முன், 2025 நவம்பர் கடைசியில் 'டித்வா' புயல் வந்தது. நாடெங்கும் வெள்ளம். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலை சரிந்து வீடுகளை மூடியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அந்த அம்மாவின் வீட்டுத் தொலைபேசி இலக்கம் எங்களிடம் இருந்தது. இரண்டு நாள் எடுத்தும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் பேரப்பிள்ளையின் குரல் வந்தது. "உசிரு தப்பிச்சோமய்யா. லயத்துல வெடிப்பு விழுந்திருச்சு. ஸ்கூல்ல இருக்கோம்." புடவைக்கடைக்காரர் அன்றிரவே கடையைத் திறந்து போர்வையும் துணியும் கட்டினார். ஆசிரியரும் அமீரும் அரிசியும் பால்மாவும் சேர்த்தார்கள். பாதை திறந்ததும் அனுப்பி வைத்தோம்.

பொதி கட்டும்போது கடைக்காரர் சொன்னார்: "அண்டைக்கி அந்தத் தண்ணியில இறங்கியிருந்தா இந்த வீட்ட நாம கண்டிருக்கவே மாட்டோம்."

நாலாவது கட்டம் இன்னும் மிச்சமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் புறப்படும் முன்

வாசகர்களே, உங்களுக்கும் கால் எழும்புகிறதா? எங்கள் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று: மூன்று மாதம் முன்பே ஊரில் பழகுங்கள். நம் ஊர் தட்டை நிலம். மலைக்குக் கால் பழகாது. ஆகவே கடற்கரை மணலில் நடவுங்கள். முதுகில் இரண்டு, மூன்று கிலோ அரிசியைப் பையில் சுமந்து நடவுங்கள். மாடிப்படி கிடைத்தால் ஏறி இறங்குங்கள்.

இரண்டு: நேரக் கணக்குப் போடுங்கள். 1892இல் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த நெய்ஸ்மித் என்பவர் ஒரு வழி சொன்னார். இன்றைய அளவில், 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், ஏறும் ஒவ்வொரு 100 மீற்றர் உயரத்துக்கும் மேலும் பத்து நிமிடம். 14 கிலோமீற்றரும் 600 மீற்றர் ஏற்றமும் என்றால் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம். இது நன்கு பழகியவனின் கணக்கு, ஓய்வு சேராதது. நம்மைப் போன்றவர்கள் பாதி நேரம் கூட்டி ஆறு மணித்தியாலம் என்று வையுங்கள். ஸுபஹ் தொழுது வெளிச்சம் வந்ததும் புறப்பட்டால், பின்னேர மழைக்கு முன் முடிந்துவிடும்.

மூன்று: தொழுகை. நம் நாட்டில் கிப்லா மேற்குக்குச் சற்று வடக்கே. ஒரு சிறு திசைகாட்டி வைத்துக்கொள்ளுங்கள். கஸ்ர், ஜம்உ பற்றிய சட்டங்களைப் புறப்படும் முன்பே உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். மழையில் நின்றுகொண்டு வாதாட வேண்டாம்.

நான்கு: சாப்பாடு. ரொட்டியும் மாசிச் சம்பலும், அவித்த முட்டை, பேரீச்சம்பழம் போதும். நீரிழிவு உள்ளவர்கள் மருந்து குடித்துவிட்டுச் சாப்பிடாமல் நடப்பது ஆபத்து. சீனி சட்டென்று இறங்கி நடுக்கமும் வியர்வையும் வரலாம். இனிப்புப் பண்டம் எப்போதும் பையில் இருக்கட்டும். இரவில் காலைக் கழுவி, விரலிடுக்குகளில் கொப்புளம் உண்டா என்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். நீண்ட நாள் நோயாளிகளுக்குப் பாதம் மரத்திருக்கும். புண் வந்தது தெரியாது. டொக்டரிடம் கேட்காமல் புறப்பட வேண்டாம்.

ஐந்து: எச்சரிக்கை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அறிவித்தல்களை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படிகளில் விடுகிறது. போகும் பிரதேசத்துக்கு மஞ்சள் வந்தாலே பயணத்தை ஒத்திவையுங்கள். டித்வாவுக்குப் பிறகு, பாதையின் நிலையைப் பாதை நிர்வாகத்தாரிடமும் ஊராரிடமும் விசாரிக்காமல் எந்தக் கட்டத்திலும் இறங்காதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அவசர அம்புலன்ஸ் 1990. இரண்டையும் கைத்தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. ஆகவே எந்த நேரத்துக்கு எங்கே இருப்போம் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

ஆறு: தோட்டத்தில் கண்ணியம். லயம் என்பது காட்சிச்சாலை அல்ல, குடும்பங்கள் வாழும் வீடு. கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். கொழுந்து பறிக்கும் பெண்களைக் கமராவால் துரத்தாதீர்கள். பொலித்தீன் உறை ஒன்றையும் போட்டுவிட்டு வராதீர்கள். சலாமோ வணக்கமோ, முதலில் சொல்பவர் நீங்களாக இருங்கள்.

சகோதரிகளே, இது ஆண்களின் பொழுதுபோக்கு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எங்கள் வீட்டார் இதற்குள் இருமுறை கேட்டுவிட்டார்கள், "எங்களுக்கு எப்ப?" என்று. பிள்ளைகளோடு ஒரு கட்டத்தில் பாதியை நடந்து பஸ் ஏறினாலும் நடைதான். துண்டு துண்டாய் நடப்பவர்களுக்குச் சிறிய துண்டு என்று வெட்கமில்லை. மலைக்குப் போக வசதி இல்லாதவர்கள் நம் கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். காரைதீவிலிருந்து நிந்தவூர் ஒரு வெள்ளிக்கிழமைக் காலை, நிந்தவூரிலிருந்து ஒலுவில் இன்னொரு வெள்ளி, பிறகு பாலமுனை, அக்கரைப்பற்று என்று துண்டு போட்டால் அதுவும் ஒரு நெடும்பாதைதான்.

எம்மா கேட்வுட் பாட்டியை மறந்துவிடாதீர்கள் என்று சொன்னேன் அல்லவா? 1954இல் அவர் திரும்பாமல் பிடிவாதம் பிடித்திருந்தால் 1955 வந்திருக்குமா? நாங்கள் 22 கட்டத்தையும் முடிப்போமா, அல்லாஹ் அறிவான். ஆனால் நாங்கள் நால்வரும் இப்போது வாரத்துக்கு மூன்று நாள், ஸுபஹுக்குப் பின், காரைதீவுச் சந்தி வரை நடந்து திரும்புகிறோம். போகும் வழியில் அந்த இடம் வரும்போது பேச்சு தானாக நின்றுவிடும். அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு பாத்திஹா ஓதிவிட்டுத் தொடர்ந்து நடப்போம்.

கடைக்காரரின் கிளினிக் கொப்பியில் சீனியின் அளவு இறங்கியிருக்கிறது. அடுத்த வானம் வெளுத்ததும், பாதை சரியென்று சேதி வந்ததும், தவலந்தென்னயில் மறுபடி இறங்குவோம், இன்ஷா அல்லாஹ். அம்முறை அந்த அம்மாவுக்கு ஒரு புதுச் சேலை கொண்டுபோவதாகக் கடைக்காரர் எடுத்து வைத்திருக்கிறார்.